ஆற்றுப்படையும் காந்த ஊசியும்

பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். ஆறு என்பது வழி. படுத்தல் என்பது செலுத்துதல். திருமுருகாற்றுப்படை இறைவனிடத்தே ஆற்றுப்படுத்துவது. ஏனைய நான்கும் பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், எதிரே வறுமையோடு வரும் தன்னையொத்த ஒருவனுக்கு வழி கூறும் முறையில் அமைந்தவை. அவற்றுள் மலைபடுகடாத்தில் வரும் வழிப்பகுதி நம் நெஞ்சை நெடுநாளாகக் கவர்ந்து வந்துள்ளது. இன்றைய செங்கத்தை அடுத்த மலைநாட்டை ஆண்ட நன்னனிடம் செல்ல வேண்டிய கூத்தர்க்கு, அவ்வழியின் இடர்கள் ஒவ்வொன்றாக உரைக்கப்படுகின்றன. பன்றியைப் பிடிக்க வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு உறையும் இடம் எது, பாறை எங்கே வழுக்கும், தினைப்புனம் காப்போர் கவணிலிருந்து எறியும் கல்லுக்கு எவ்வாறு ஒதுங்குவது என்றெல்லாம் ஒரு தாயின் கவலையோடு சொல்லப்படுகின்றன.

ஆனால் இவ்வளவும் சொன்னவன் உடன் செல்வதில்லை. அவன் தன் ஊரை நோக்கிப் போய்விடுகின்றான்.

இந்த எளிய செய்தியை நாம் பல்லாண்டுகள் படித்தும் கண்டோமில்லை. அறுபது வயதைக் கடந்த பின்னர், பெங்களூரில், பன்னிரண்டு சிறுவர் சிறுமியரிடம் கற்றுக்கொண்டோம். அது நிகழ்ந்தவாற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அல்சூர் ஏரிக்கு அருகில் நண்பர் சிலரோடு சேர்ந்து ஞாயிறுதோறும் சிறுவர்க்குத் தமிழ் கற்பித்து வந்தோம். ஒருநாள் பாடம் திசைப்பெயர்களைப் பற்றியது. மேல் என்பதிலிருந்து மேற்கும், கீழ் என்பதிலிருந்து கிழக்கும் பிறந்தன. தமிழ்நிலம் மேற்கே மலையாக உயர்ந்து கிழக்கே கடல்நோக்கித் தாழ்வதே அதற்குக் காரணம் என்று விளக்கினோம். மலையாளத்தாரோ மலைத்தொடர் தமக்குக் கிழக்கே ஓங்கி நிற்கவும் அத்திசையைக் கிழக்கு என்றே வழங்குகின்றனர். இதனைக் கால்டுவெல் எடுத்துக்காட்டி, அம்மொழியார் மலைக்கு இப்பாலிருந்து சென்றவர் என்பதற்குச் சான்றாகக் கொண்டதையும் சொன்னோம். வகுப்பில் பாதிப் பேர் பள்ளியில் கன்னடம் படிப்பவர். அவர்கள் உடனே கன்னடச் சொற்களைக் கூறினர். எழுதலால் மூடண, படுதலால் படுவண. கன்னடர் ஞாயிற்றைப் பார்த்தனர், நாம் நிலத்தைப் பார்த்தோம் என்று பேசி மகிழ்ந்தோம்.

பாடம் சிறப்பாக முடிந்தது என்னும் செருக்கில், "சரி, வடக்கு எது? கையை நீட்டுங்கள்" என்றோம். கைகள் எல்லாப் பக்கமும் நீண்டன. ஒரு சிறுவன் மட்டும் கைப்பேசியை எடுத்துப் பார்த்துச் சரியாகக் காட்டினான். வடக்கு அக்கருவிக்குத் தெரிந்திருந்தது, அவனுக்குத் தெரியவில்லை.

கருவியைப் பழித்தல் நம் கருத்தன்று. இந்தியாவின் நாவிக் என்னும் வழிகாட்டும் செயற்கைக்கோள் அமைப்புக்கு இந்நகரே தாயகம். அதற்கான மையம் 2013-ஆம் ஆண்டு முதல் நகருக்கு அப்பாலுள்ள பியாலாலுவில் இயங்குகின்றது. அதனை இயக்குவோர் பலர் நம் அண்டை வீட்டார். எனினும், நாம் எங்கிருக்கிறோம் என்பதைப் பிறர் சொல்லக் கேட்பதும், நாமே கண்டறிவதும் ஒன்றாகா. இலண்டன் வாடகைக்கார் ஓட்டுநர் பல்லாயிரம் தெருக்களை மனத்திற் பதித்துத் தேர்வெழுதுபவர். அவர்தம் மூளையில், இடத்தை நினைவிற்கொள்ளும் உறுப்பின் பின்பகுதி பிறரினும் பெரிதாக இருப்பதை எலினோர் மெகுவயர் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 2000-ஆம் ஆண்டு கண்டு வெளியிட்டனர். அறிவியல் கிடக்கட்டும். தான் நிற்கும் இடத்தைத் தானே அறியாத பிள்ளையை வளர்க்கிறோமே என்னும் கவலைதான் அன்று நம்மைப் பற்றிக்கொண்டது.

ஏரிக்கரையை ஒட்டி மதராஸ் பொறியாளர் படையின் தலைமையிடம் உள்ளது. படையுலகில் 'தம்பிகள்' என்று பெயர் பெற்றவர் அப்படையினர். அங்கே பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் துணைக்கு வந்தார். அவர் கற்பித்த முதற்பாடம் மிக எளியது: "படத்தைத் திருப்புங்கள், நிலத்தைத் திருப்ப முடியாது." படத்தின் வடக்கும் நிலத்தின் வடக்கும் ஒன்றும்வரை தாளைச் சுழற்ற வேண்டும். அதன்பின் படத்தில் இடப்பக்கம் இருப்பது கண்ணெதிரேயும் இடப்பக்கமே இருக்கும். பெரியவர் பலர் இவ்வொன்றை அறியாமல், எழுத்தைப் படிப்பதற்காகத் தாளை நேரே பிடித்துக்கொண்டு வழியைத் தவறவிடுகின்றனர். பிள்ளைகளுக்கு ஒரு நொடியில் புரிந்தது.

இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்களை மேசைமேல் விரித்தோம். 13 பாகை வடக்கு அகலக்கோடு பெங்களூரை ஊடறுத்துச் செல்வதால், நகரின் வடபகுதி 57 ஜி/12 என்னும் தாளிலும் தென்பகுதி 57 எச்/9 என்னும் தாளிலும் அமைந்துவிட்டன. இரண்டையும் ஒட்டினால்தான் ஊர் முழுமையாகும். ஒரு செ.மீ. அரைக் கிலோமீட்டர், இருபது மீட்டருக்கு ஒரு சம உயரக்கோடு. அக்கோடுகளைப் பிள்ளைகள் விரலால் தடவிக்கொண்டே சென்றபோது, ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் நகரின் ஊடே ஒரு மேட்டு முதுகு ஓடுவதைக் கண்டனர். மேட்டுக்குக் கிழக்கே விழும் மழை அல்சூர் ஏரி, பெள்ளந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரி வழியே தென்பெண்ணையை அடைந்து கடலூரில் கடலில் கலக்கும். மேற்கே விழும் மழை விருஷபாவதியாகி, அர்க்காவதியோடு கூடி, மேகதாட்டை அடுத்த சங்கமத்தில் காவிரியைச் சேரும். "அப்படியானால் இரண்டு தண்ணீரும் தமிழ்நாட்டுக்குத்தான் போகிறதா?" என்று ஒருவன் வியந்தான். நாளிதழ்கள் நதிநீரைப் பற்றி எழுதியவற்றையெல்லாம் விட அக்கேள்வி நமக்குப் பிடித்திருந்தது. கிழக்கு என்றால் கீழ் என்று நாம் வாயால் சொன்னதைப் படம் காட்டிக்கொடுத்தது.

திசைகாட்டி வேறொரு பாடம் கற்பித்தது. வட ஐரோப்பாவில் செய்த நல்ல கருவி ஒன்றை நண்பர் ஒருவர் பரிசாக அளித்திருந்தார். அதன் ஊசியின் தென்முனை சாய்ந்து தட்டில் உராய்ந்து சரியாகச் சுழலாமல் நின்றது. காரணம் ஆராய்ந்தோம். வடநாடுகளில் புவியின் காந்தப்புலம் ஊசியின் வடமுனையைக் கீழே இழுக்கும். அதனைச் சமன்செய்யத் தென்முனையில் சிறு எடை சேர்த்திருப்பர். தென்னிந்தியாவிலோ அந்த இழுப்பு மிகக் குறைவு. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்கின்றது. அதன் அருகே அமைந்திருப்பதால்தான் தும்பா ஏவுகணைத் தளத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆகவே அங்கே சமனாக நிற்கும் ஊசி இங்கே சாய்கின்றது. நம் நிலத்துக்கெனச் சமன்செய்த ஊசிகளை வாங்கினோம். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு இந்நகரில் ஓரிரு பாகைக்கு மேற்படாது என்பதால், பிள்ளைகளை அந்தக் கணக்கில் நாம் அலைக்கழிக்கவில்லை.

தொலைவை அளக்கக் காலடியே போதும். இதற்கு நயின் சிங்கின் கதையைச் சொன்னோம். இமயமலைச் சிற்றூரான மிலாமைச் சேர்ந்த அவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஆங்கிலேய அளவைத் துறை அவருக்குப் பயிற்சியளித்து 1865-இல் திபெத்துக்கு மறைவாக அனுப்பியது. மைலுக்கு இரண்டாயிரம் காலடி என நடையைப் பழக்கிக்கொண்டு, 108 மணிகளுக்கு மாறாக நூறே மணிகள் கோத்த செபமாலையில் நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளி எண்ணினார். குறிப்புகளை வழிபாட்டு உருளைக்குள் ஒளித்துவைத்தார். இலாசா நகரின் இருப்பிடத்தை அவ்வாறே கணித்தார். நம் பிள்ளைகள் மணிக்கு மாறாகப் புளியங்கொட்டையைக் கையாண்டனர். நூறு காலடிக்கு ஒரு கொட்டை இடச் சட்டைப்பையிலிருந்து வலச் சட்டைப்பைக்கு மாறும்.

இவ்வளவில் நாம் ஆசிரியராகவே இருந்தோம். இடர் எதுவும் இல்லை. வெளியே சென்றபோதுதான் அறக்கேள்வி எழுந்தது.

ஞானபாரதி வளாகத்தின் மரக்காட்டுப் பகுதியைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு செ.மீ.க்கு நூறு மீட்டர் என்னும் அளவில் நாமே ஒரு படம் வரைந்தோம். மரங்களில் சிவப்புத் துணி கட்டிய பத்து இடங்களைக் குறித்தோம். மூவர் மூவராக நான்கு அணிகள். பெற்றோர் விருப்பப்படி இரண்டு அணி சிறுவர், இரண்டு அணி சிறுமியர். ஒவ்வோர் அணிக்கும் ஒரு படம், ஒரு ஊசி, ஒரு ஊதுகுழல். கைப்பேசி உறையிட்டு ஒட்டப்பட்டது. பேரிடர் நேர்ந்தாலன்றிப் பிரிக்கலாகாது. வழி முற்றும் தவறினால் தென்கிழக்கே நடந்தால் மைசூர்ச் சாலை வந்தே தீரும் என்று சொல்லியிருந்தோம். ஒன்றரை மணி நேரத்தில் திரும்ப வேண்டும். பெரியவர் எவரும் பின்தொடர்வதில்லை என்பது நாமே வகுத்த விதி.

அணிகள் புறப்பட்டன. சிறிது நேரத்தில், நாம் ஓர் அணிக்குப் பின்னே இருநூறு அடி தொலைவில் நடந்துகொண்டிருப்பதை உணர்ந்தோம். அது சிறுமியர் அணி. எப்போது எழுந்தோம், ஏன் அவர்களைத் தேர்ந்தோம் என்று எண்ணிப் பார்க்கவில்லை. பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் அவர்கள் நின்று படத்தைப் பார்த்தனர், பேசினர், இடப்பக்கம் திரும்பினர். அது தவறான பக்கம். இருபது அடி நடப்பதற்குள் நாம் வாய்விட்டு அழைத்துத் திருத்திவிட்டோம்.

சிறுவர் அணியொன்று அன்று நாற்பது நிமிடம் வழி தவறியது. நண்பர்கள் எழுந்து தேடப் புறப்படும் வேளையில், கைகால்களில் முட்கீறலோடு சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தனர். உயரே தெரிந்த நீர்த்தொட்டியையும் ஒரு சாலை வளைவையும் ஊசியால் நோக்கி, இரு கோடுகளும் வெட்டும் இடத்தைப் படத்தில் குறித்துத் தம் இருப்பிடத்தை அறிந்ததாகக் கூறினர். அனைவரும் அவர்களைச் சூழ்ந்துகொண்டனர். சிறுமியர் அணி குறித்த நேரத்திற்கு வந்து, பத்துக் குறிகளையும் காட்டிவிட்டு ஓரமாய் அமர்ந்திருந்தது.

அவர்களுள் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி நம்மிடம் வந்தாள். "ஐயா, அவர்கள் தொலைந்தே போனார்கள். அவர்கள் பின்னால் நீங்கள் போகவில்லை. நாங்கள் தொலைவதற்கு முன்பே கூப்பிட்டுவிட்டீர்கள். ஏன்?"

"உங்கள் பாதுகாப்புக்காகத்தான் அம்மா" என்றோம்.

"அப்படியானால் படத்தை எங்களிடம் எதற்குக் கொடுத்தீர்கள்?"

நாம் விடை கூறவில்லை. கூறுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

வரைபடம் யார் கையில் இருக்கலாம் என்பது இந்நாட்டில் நெடுங்கால வழக்கு. தென்னாட்டை முக்கோணங்களால் அளக்கும் பெரும்பணியின் தொடக்கமாக லாம்டன் 1800-ஆம் ஆண்டு அடிக்கோடு அளந்தது இந்தப் பெங்களூர்ப் பக்கத்தில்தான். அதற்கு முந்திய ஆண்டுதான் திப்பு வீழ்ந்தான். பிடித்த நாட்டை அளந்து வைத்துக்கொள்வது பிடித்தவனின் வழக்கம். இந்தியாவின் முதற் சாரணர் அணியும் 1909-இல் இந்நகரிலேதான் கேப்டன் பேக்கரால் தொடங்கப்பெற்றது. அதில் ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் சிறுவர்க்கே இடம். காட்டில் வழி காணவும் திசை அறியவும் கற்ற இந்தியச் சிறுவன் நாளை யாருக்கு எதிராக அதனைப் பயன்படுத்துவானோ என்னும் ஐயம் ஆட்சியாளர்க்கு இருந்தது. 1916-இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிக் கழகம் கண்டனர். விடுதலைக்குப் பின்னும் கடற்கரை, எல்லைப் பகுதித் தாள்கள் எளிதிற் கிடைக்கவில்லை. 2005-ஆம் ஆண்டின் நிலப்படக் கொள்கையும், 2021 பிப்ரவரியில் நடுவணரசு வெளியிட்ட விதிகளும்தான் கதவை அகலத் திறந்தன. இன்று தாளை மறைப்பார் இல்லை. ஆயினும் அந்தச் சிறுமியின் கையில் படத்தைத் தந்து, அதனைப் பயன்படுத்தும் உரிமையைப் பின்னாலிருந்து பறித்துக்கொண்டது எந்த அரசும் அன்று. அவள்பால் அன்பு கொண்ட நாம்தாம்.

நம் அச்சம் பொய்யென்று சொல்லி எளிதிற் கடந்துவிடவும் முடியாது. பெண்பிள்ளையைத் தனியே விடும் தாய் நாள்தோறும் படிக்கும் செய்திகளை நாமும் படிக்கிறோம். அவள் மகளுக்கு ஒன்று நேர்ந்திருந்தால், "பிள்ளை தானே கற்க வேண்டும் என்று விட்டோம்" என்று எந்த முகத்தோடு சொல்வோம்? பெரியவரின் கொள்கைக்குக் குழந்தையின் உயிரைப் பணயம் வைத்தல் அறமாகாது. ஒரு தந்தை, மகள் பள்ளி சென்று திரும்பும்வரை கைப்பேசித் திரையில் நகரும் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், புள்ளி நகர்ந்தால்தான் தம் வேலை ஓடுவதாகவும் நம்மிடம் கூறினார். அவரைப் பார்த்துச் சிரிக்க நமக்கு மனம் வரவில்லை.

எனினும் நாம் செய்த தவறு எது என்று பல நாள் எண்ணிப் பார்த்தபோது ஒன்று தெளிவாயிற்று. பிழை வேறு, கேடு வேறு. இடப்பக்கம் திரும்பியது பிழை. மேலும் முந்நூறு அடி நடந்திருந்தால், இருக்க வேண்டிய சிறுபாலம் இல்லாமை கண்டு அவர்களே திரும்பியிருப்பர். அங்கே கேடு ஏதும் இருந்ததா? நமக்குத் தெரியாது. ஏனென்றால் அப்பக்கத்தை நாம் முன்னரே சென்று பார்த்திருக்கவில்லை. பத்துக் குறிகளுக்குச் செல்லும் நேர்வழிகளை மட்டும் பார்த்து வைத்திருந்தோமேயன்றி, பிள்ளைகள் தவறிச் செல்லக்கூடிய வழிகளைப் பார்க்கவில்லை. மலைபடுகடாத்தில் வழி சொல்பவன் பொறியையும் பாம்பையும் கவண்கல்லையும் முன்னரே சொல்லிவிட்டதனால் அல்லவா தன் ஊருக்குப் போக முடிந்தது? சொல்ல வேண்டியதைப் புறப்படுமுன் முழுமையாகச் சொல்லாதவனே புறப்பட்டபின் பின்தொடர்ந்து கூவுகின்றான். நம் சோம்பலுக்குப் பாதுகாப்பு என்று பெயரிட்டுவிட்டோம். அதுவும் சிறுவர் திறத்தில் அந்தச் சோம்பலைத் துணிவு என்று எண்ணிக்கொண்டோம். அவர்கள் போன பக்கத்தையும் நாம் பார்த்திருக்கவில்லை என்பது இன்று நினைத்தாலும் உடல் நடுங்கச் செய்கின்றது. இருசாராருக்கும் நாம் செய்தது தீங்கே. வெளிப்பட்ட வகை வேறு.

மூன்று திங்கள் கழித்து மீண்டும் சென்றோம். இம்முறை, இரு நாள் முன்னதாகவே அச்சிறுமியரின் தாய்மார் இருவரை உடன் அழைத்துக்கொண்டு நிலம் முழுவதும் நடந்தோம். அவர்கள் நம்மைவிடக் கூர்மையாகப் பார்த்தனர். புதரில் மறைந்திருந்த ஒரு பாழ்கிணற்றைக் கண்டவர் அவர்களே. அப்பகுதியைப் படத்தில் சிவப்பால் வளைத்து, செல்லலாகாது என்று குறித்தோம். மாலையில் ஆடவர் கூடிக் குடிக்கும் ஒரு மூலையை அங்கே கிடந்த புட்டிகளைக் கொண்டு அறிந்து, அதையும் விலக்கினோம். புறப்படும் காலையில் அனைத்தையும் அணிகளிடம் சொன்னோம். சிறுவர், சிறுமியர் எவராயினும் ஒரே சொல், ஒரே விதி.

ஒன்பது மணிக்குச் சென்றனர். நாமும் அத்தாய்மாரும் ஒரு புளியமரத்தடியில் அமர்ந்தோம். அறியாதவர்க்கு அது ஓய்வாகத் தோன்றும். வாழ்நாளில் நாம் செய்த கடினமான வேலைகளுள் ஒன்று அது. பத்தரைக்குள் மூன்று அணிகள் வந்துவிட்டன. அந்தப் பெண்ணின் அணி வரவில்லை. பத்து நாற்பதுக்கு அவள் தாய் கைப்பேசியை எடுத்தார், பார்த்தார், மீண்டும் பைக்குள் வைத்தார். ஊதுகுழல் ஒலி எதுவும் கேட்கவில்லை. ஒலிக்காவிட்டால் பதினொன்று வரை எழுவதில்லை என்று முன்னரே முடிவு செய்திருந்தோம். மணி பத்து ஐம்பத்திரண்டு.

நாம் கிழக்குப் பாதையையே பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் மேற்கிலிருந்து வந்தனர். மூவர் கால்களும் முழங்கால்வரை சேறு. தாய் எழுந்தார், ஒன்றும் சொல்லாமல் தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். அந்தப் பெண் நேரே நம்மிடம் வந்து படத்தை விரித்தாள். ஏழாம் குறிக்கும் எட்டாம் குறிக்கும் இடையே பென்சிலால் ஒரு கோடு நீளமாக இழுக்கப்பட்டிருந்தது.

"ஐயா, இங்கே கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். புதுக் கம்பி. உங்கள் படத்தில் இல்லை. வேலியோரமாகவே நடந்து சுற்றி வந்தோம், முந்நூற்றைம்பது காலடி" என்றாள். சட்டைப்பையிலிருந்து மூன்றரைப் புளியங்கொட்டைகளை எடுத்துக் காட்டினாள். அரைக்கொட்டையைப் பல்லால் கடித்து உடைத்திருந்தாள்.

பேனாவை எடுத்து அக்கோட்டின் மேல் மையிட்டோம்.